ஃப்ரீரேடியஸ் சர்வரில் லாக் கோப்புகளைச் சுழற்றுவது: முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று சரிபார்த்துப் பதிவு செய்யும் ரேடியஸ் சர்வரின் டிஸ்க் நிரம்பினால் லாக் நின்றுவிடும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதோடு முடிவதில்லை. அக்கவுண்டிங் (யார் எப்போது இணைப்பில் இருந்தார் என்ற கணக்கு) பகுதியில் இருக்கும் டீடெயில் மாட்யூலால் கோப்பில் எழுத முடியாமல் போனால், அந்தப் பாக்கெட்டுக்குச் சர்வர் பதில் அனுப்பாது. ஸ்விட்சும் ஆக்சஸ் பாயிண்டும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். உள்நுழைவுக் கோரிக்கையை ஆராயும் ஆத்தரைஸ் பகுதியில், அதைக் கோப்பில் எழுதிவைக்கும் ஆத்_லாக் இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: சரியான பாஸ்வேர்டு கொடுத்தவருக்கும் ரிஜெக்ட்தான் கிடைக்கும். அதனால் லாக் சுழற்சியை (பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கி, காலம் கடந்ததை அழிப்பதை) உள்நுழைவுச் சேவையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்பவை ரேடியஸ் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸின் 3 வரிசைக்கு. பாதைகள் டெபியன், உபுண்டுக்கானவை. ரெட்ஹாட் குடும்பத்தில் மாறுவதை அங்கங்கே சொல்கிறோம். கமாண்ட், கோப்புப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

1. தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

முதலில் சர்வரின் கான்ஃபிக் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீரேடியஸ் கமாண்டைப் பெரிய எழுத்து சி, எக்ஸ் ஆப்ஷன்களோடு ஓட்டினால், எல்லாவற்றையும் படித்துச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்துவிடும். ரெட்ஹாட்டில் கமாண்டின் பெயர் ரேடியஸ்டி. லாக் சுழற்றுவதற்கும் கான்ஃபிக்குக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். 4-ஆம் படியில் வரும் ரீலோட், கான்ஃபிக் சரியாக இருந்தால்தான் நடக்கும்.

அடுத்து, லாக் டைரக்டரியின் உரிமையாளர் யார் என்று பார்த்துக் குறித்து வையுங்கள். டெபியனில் /வார்/லாக்/ஃப்ரீரேடியஸ், பயனர் ஃப்ரீராட். ரெட்ஹாட்டில் /வார்/லாக்/ரேடியஸ், பயனர் ரேடியஸ்டி. குழுவும் பர்மிஷனும் வெளியீட்டுக்கு வெளியீடு மாறும். இணையத்தில் கண்டதை எழுதாமல், உங்கள் திரையில் தெரிவதை எழுதுங்கள்.

லாக் டைரக்டரி தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் நல்லது. டிஎஃப் கமாண்டில் இடத்தைப் பார்ப்பதோடு, -ஐ ஆப்ஷன் கொடுத்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் உள்ள அடையாளப் பதிவு) எண்ணிக்கையையும் பாருங்கள். 300 ஆக்சஸ் பாயிண்டுக்குத் தினமும் ஆளுக்கொரு கோப்பு என்றால் 180 நாளில் 54,000 கோப்புகள் சேரும்.

2. எந்தக் கோப்பு எந்த வகை

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். டைரக்டரியில் இருப்பவை எல்லாம் லாக் என்று எண்ணி, ஒரே நட்சத்திரக் குறியில் மொத்தத்தையும் லாக் சுழற்றும் கருவியான லாக்ரொட்டேட்டிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவை மூன்று வகை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் வகை, சர்வர் திறந்தே வைத்திருக்கும் கோப்பு. ரேடியஸ்.லாக் இந்த வகை. சர்வர் தொடங்கும்போது திறக்கிறது, பிறகு கையை விடுவதில்லை. நீங்கள் அதன் பெயரை மாற்றினாலும் சர்வர் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். லினக்ஸில் திறந்த கோப்பு பெயரோடு அல்ல, ஐநோடோடு கட்டப்பட்டது. "புதுக் கோப்பைத் திற" என்று சர்வரிடம் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது வகை, பெயரிலேயே தேதி உள்ள கோப்பு. ராட்அக்ட் டைரக்டரிக்குள் ஒவ்வொரு என்ஏஎஸ் கருவியின் (ரேடியஸ் சர்வரிடம் கேட்கும் ஸ்விட்ச், ஆக்சஸ் பாயிண்ட் போன்றவை) ஐபி முகவரிக்கும் ஒரு உள் டைரக்டரி, அதற்குள் டீடெயில்-20250614 என்பது போன்ற கோப்புகள். நாள் மாறினால் சர்வரே புதுப் பெயரில் எழுதத் தொடங்கும். அதாவது சுழற்சி ஏற்கெனவே நடந்துவிட்டது. மிச்சம் இருப்பது சுருக்குவதும் அழிப்பதும்தான். இதற்கு லாக்ரொட்டேட் தேவையே இல்லை.

மூன்றாவது வகை, லாக் போலத் தோன்றும் வேலைக் கோப்புகள். ராட்யூடிஎம்பி என்பது இப்போது யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். அதைச் சுழற்றினால் ராட்ஹூ கமாண்ட் காலிப் பட்டியலைக் காட்டும். அதை நம்பி ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று கட்டுப்படுத்தியிருந்தால் அந்த எண்ணிக்கையும் குலையும். பதிவுகளை முதலில் கோப்பில் எழுதிப் பிறகு டேட்டாபேஸுக்கு அனுப்பும் பஃபர்டு-எஸ்க்யூஎல் அமைப்பில், டேட்டாபேஸுக்குப் போகக் காத்திருக்கும் டீடெயில் கோப்புகளும், படித்துக்கொண்டிருக்கும்போது உருவாகும் டீடெயில்.ஒர்க் கோப்பும் இதே வகை. அவை ஒரு வரிசை, லாக் அல்ல. அவற்றைச் சுருக்கினால் அந்தப் பதிவுகள் டேட்டாபேஸுக்குப் போய்ச் சேராது. அந்த வரிசை நீண்டுகொண்டே போனால் கோளாறு டேட்டாபேஸ் பக்கம், மருந்தும் அங்கேதான்.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, டைரக்டரியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். எதிலும் அடங்காத பெயர் வந்தால், அது எந்த மாட்யூல் எழுதுவது என்று கான்ஃபிக்கில் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அதைத் தொடாதீர்கள்.

3. எத்தனை நாள், எவ்வளவு இடம்

இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, லாக்குகளை 180 நாள் சுழற்சியில் பாதுகாக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்களுக்கு உரிம நிபந்தனைகள் தனி. அவர்கள் இந்த 180 நாளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 180 நாள் வேண்டுமென்றால் 190 என்று வையுங்கள். எல்லையில் ஒரு நாள் குறைந்தாலும் கேட்பவரிடம் சொல்ல விளக்கம் இருக்காது.

இடத்தைக் கணக்கிட இண்டரிம் அப்டேட்டின் (இணைப்பு நீடிக்கும்போது கருவி அவ்வப்போது அனுப்பும் கணக்குப் பதிவு) இடைவெளிதான் முக்கியம். 800 பேர் எந்நேரமும் இணைப்பில், 10 நிமிடத்துக்கு ஒரு அப்டேட் என்றால் நாளுக்கு 1,15,200 பதிவுகள். ஒரு பதிவு 1 கிலோபைட் என்று வைத்தால் ஏறக்குறைய 115 எம்பி. 190 நாளுக்குச் சுருக்காமல் 22 ஜிபி. அப்டேட்டை 1 நிமிடமாக வைத்தால் இதே கணக்கு பத்து மடங்காகும். இந்த இடைவெளி 60 நொடிக்குக் கீழே போகவே கூடாது, 600 நொடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது ரேடியஸ் நெறிமுறையின் சொல். டிஸ்க் வாங்குவதற்கு முன் ஆக்சஸ் பாயிண்டில் அந்த எண்ணைப் பாருங்கள்.

டீடெயில் கோப்பில் ஒரே சொற்கள் மீண்டும் மீண்டும் வருவதால் ஜிஜிப் அதை நன்றாகவே அமுக்கும். உங்கள் விகிதம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். ஒரு நாள் கோப்பை நகலெடுத்துச் சுருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீண்ட நாள் வைப்பதற்கு முன் என்ன வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ரேடியஸ்டி.கான்ஃப் கோப்பின் லாக் பகுதியில் ஆத் என்பது முதலில் "நோ" என்றுதான் இருக்கும். யார் எப்போது நுழைந்தார் என்ற வரி வேண்டுமானால் அதை "எஸ்" ஆக்குங்கள். பாஸ்வேர்டையே லாக்கில் எழுதவைக்கும் ஆத்_பேட்பாஸ், ஆத்_குட்பாஸ் இரண்டையும் "நோ"விலேயே விடுங்கள். பேட்பாஸ்தானே, தவறான பாஸ்வேர்டுதானே என்று திறப்பவர்கள் உண்டு. தவறான பாஸ்வேர்டு என்பது பெரும்பாலும் சரியான பாஸ்வேர்டில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. ஆத்_லாக் மாட்யூலை இயக்கியிருந்தால், அதன் சப்ரெஸ் பகுதியில் (எழுதாமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) யூசர்-பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. ரேடியஸ்.லாக் கோப்புக்கான விதி

/ஈடிசி/லாக்ரொட்டேட்.டி டைரக்டரியில் பேக்கேஜோடு வந்த கோப்பு ஏற்கெனவே இருக்கும். டெபியனில் அதன் பெயர் ஃப்ரீரேடியஸ், ரெட்ஹாட்டில் ரேடியஸ்டி. அதையே திருத்துங்கள். பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதினால், ஒரே லாக்குக்கு இரண்டு விதி என்று லாக்ரொட்டேட் பிழை சொல்லும். பழைய நகலையும் அந்த டைரக்டரியில் வைக்காதீர்கள்; ரூட்டின் ஹோமில் வையுங்கள். அங்கே கிடக்கும் நகலையும் அது விதியாகவே படிக்கலாம்.

விதியின் தலையில் ரேடியஸ்.லாக் கோப்பின் முழுப் பாதையை எழுதுங்கள். நட்சத்திரக் குறி வேண்டாம். உள்ளே வர வேண்டியவை இவை.

டெய்லி, ரொட்டேட் 190. ரொட்டேட் எண்ணுவது நாளை அல்ல, எத்தனை பழைய கோப்பு என்பதை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு மேக்ஸ்சைஸ் சேர்ப்பவர்கள் உண்டு. லாக்ரொட்டேட்டை மணிக்கொரு முறை ஓட்டி, ஒரு நாளில் நான்கு முறை சுழன்றால், 190 கோப்பு என்பது 48 நாள்கூட வராது. 180 நாள் கட்டாயம் உள்ள இடத்தில் மேக்ஸ்சைஸைச் சேர்க்காமல் விடுவதே மேல்.

டேட்எக்ஸ்ட். இது இல்லாவிட்டால் பழைய கோப்புகள் .1, .2 என்று பெயர் பெற்று, தினமும் ஒவ்வொன்றாய்ப் பெயர் நகரும். வெளியே பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் எல்லாவற்றையும் புதிது என்று எண்ணி மீண்டும் நகலெடுக்கும். தேதிப் பெயர் ஒருமுறை வைத்தால் மாறாது. எண் முறையிலிருந்து தேதி முறைக்கு இடையில் மாறினால், பழைய எண் கோப்புகளை லாக்ரொட்டேட் அதன்பின் திரும்பிப் பார்க்காது. காலம் முடிந்ததும் கையால் அழிக்க வேண்டும்.

கம்ப்ரெஸ், டிலேகம்ப்ரெஸ். இரண்டாவது இல்லாமல் முதலாவதை எழுதாதீர்கள். பெயர் மாறிய நொடிக்கும் சர்வர் புதுக் கோப்பைத் திறக்கும் நொடிக்கும் இடையில் சில வரிகள் பழைய கோப்புக்குப் போகும். உடனே சுருக்கினால் அவை போய்விடும். ஒரு நாள் கழித்துச் சுருக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

மிஸ்ஸிங்ஓகே, நாட்டிஃப்எம்ப்டி. கோப்பு இல்லாதபோது கூச்சல் போடாமல் இருக்க ஒன்று, காலிக் கோப்பைச் சுழற்றாமல் இருக்க ஒன்று.

சு, கிரியேட். லாக் டைரக்டரி ரூட் அல்லாத குழுவால் எழுதக்கூடியதாக இருந்தால், பாதுகாப்பில்லை என்று சொல்லி லாக்ரொட்டேட் அந்தக் கோப்பைத் தாண்டிவிடும். "சு ஃப்ரீராட் ஃப்ரீராட்" என்று எழுதினால் அந்தப் பயனராகவே வேலையைச் செய்யும். அடுத்த வரியில் "கிரியேட் 0640 ஃப்ரீராட் ஃப்ரீராட்". சு-வில் ஒரு பெயர், கிரியேட்டில் அந்தப் பயனர் உறுப்பினராக இல்லாத வேறு குழு என்று எழுதினால், உரிமையாளரை மாற்ற அனுமதி இல்லை என்ற பிழை வரும். முதல் படியில் குறித்து வைத்தது இங்கேதான் பயன்படும்.

போஸ்ட்ரொட்டேட். இதற்குள் ஒரே வரி: சிஸ்டம்சிடிஎல் ரீலோட் ஃப்ரீரேடியஸ். அதன்பின் எண்ட்ஸ்கிரிப்ட். ரீலோட் சர்வருக்கு எச்யூபி என்ற சிக்னலை, அதாவது நிற்காமல் புதுப்பித்துக்கொள் என்ற அறிவிப்பை, அனுப்புகிறது. அது கிடைத்ததும் சர்வர் ரேடியஸ்.லாக்கைப் புதிதாகத் திறக்கிறது. ரீஸ்டார்ட் எழுதாதீர்கள். நடுவில் இருக்கும் ஈஏபி உரையாடல்கள் (பல சுற்றாக நடக்கும் உள்நுழைவுச் சரிபார்ப்பு) எல்லாம் அறுந்துபோகும், கான்ஃபிக்கில் பிழை இருந்தால் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

ரீலோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டெபியனிலும் ரெட்ஹாட்டிலும் சிக்னல் அனுப்புவதற்கு முன் கான்ஃபிக் சரிபார்ப்பு நடக்கும். அது தோற்றால் சிக்னல் போகாது. மாலையில் யாரோ ஒரு கோப்பைப் பாதி திருத்தி விட்டுப் போனால், நள்ளிரவில் லாக்கின் பெயர் மாறும், ரீலோட் தோற்கும், சர்வர் மாறிய பெயரிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பாதித் திருத்தம் தற்செயலாகச் சரிபார்ப்பில் தேறிவிட்டாலும் ஆபத்துதான்: எச்யூபி, மாறிய மாட்யூல் கோப்புகளையும் சேர்த்தே ஏற்றும். ஓடும் சர்வரின் கான்ஃபிக் டைரக்டரியில் பாதித் திருத்தத்தை இரவு தங்க விடாதீர்கள்.

பேக்கேஜோடு வந்த விதியில் காப்பிட்ரங்கேட் இருந்தால், மேலே சொன்ன முறைக்கு மாறும்போது அதை எடுத்துவிடுங்கள். அது லாக்கை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும், சிக்னல் தேவையில்லை. ஆனால் நகலுக்கும் காலி செய்வதற்கும் இடையில் வந்த வரிகள் தொலையும். காப்பிட்ரங்கேட்டையும் கிரியேட்டையும் சேர்த்து எழுதினால் கிரியேட் வரிக்கு வேலை இருக்காது.

5. டீடெயில் கோப்புகள்: முதலில் சுருக்கு, பிறகு அழி

இங்கே ஃபைண்ட் கமாண்ட் போதும். ஃப்ரீராட் பயனரின் கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் வசதி) அதிகாலை 2:30-க்கு வையுங்கள். ரூட்டாக ஓட்டாதீர்கள், பாதையில் ஒரு எழுத்து தவறினால் ஃப்ரீராட் அழிக்கக்கூடியது கொஞ்சம், ரூட் அழிக்கக்கூடியது எல்லாம்.

முதல் வரி சுருக்க. ராட்அக்ட் டைரக்டரியில் தொடங்கி, டைப் எஃப், டீடெயில்-இல் தொடங்கி எட்டு இலக்கத்தில் முடியும் பெயர், எம்டைம் (கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள்) +1. கிடைத்ததை ஜிஜிப்புக்கு அனுப்புங்கள். ஃபைண்ட் நாளின் பின்னத்தைக் கழித்துவிட்டு எண்ணுவதால் +1 என்பது முழுதாக 48 மணி நேரம் கடந்த கோப்பு. சர்வர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு சிக்காது.

இரண்டாவது வரி அழிக்க. பெயர் .ஜிஇசட் என்று முடிய வேண்டும், எம்டைம் +190. சுருக்கும்போது ஜிஜிப் மூலக் கோப்பின் நேரத்தையும் பர்மிஷனையும் அப்படியே வைத்துக்கொள்கிறது. அதனால் நாள்கணக்கு பதிவு எழுதிய நாளிலிருந்தே நடக்கும், 0600 போன்ற பர்மிஷனும் மாறாது.

டெலிட் சொல் வரியின் கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாக ஒவ்வொரு நிபந்தனையாகச் செயல்படும். டெலிட்டை முன்னால் எழுதிவிட்டால், பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் போய்விடும். முதல் ஒரு வாரம் டெலிட்டுக்குப் பதில் பிரிண்ட் எழுதி, அது தரும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெயர்க் குறிகளை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஷெல் முந்திக்கொண்டு விரித்துவிடும்.

பஃபர்டு-எஸ்க்யூஎல் இதே ராட்அக்ட் டைரக்டரியில் எழுதினால், அந்த வரிசையை வேறு டைரக்டரிக்கு மாற்றிவிட்டுத்தான் இந்த கிரானை இயக்க வேண்டும். டீடெயில்- என்ற முன்னொட்டு இரண்டுக்கும் பொதுவாக அமைந்துவிடுகிறது.

6. சோதனை, இந்த வரிசையில்

லாக்ரொட்டேட்டை -டி (டீபக் என்பதன் முதல் எழுத்து) ஆப்ஷனோடு உங்கள் விதிக் கோப்பின் மீது ஓட்டுங்கள். எதையும் மாற்றாது, என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். இன்றே சேர்த்த லாக் என்றால் சுழற்ற வேண்டியதில்லை என்று சொல்லக்கூடும். எந்த லாக் எப்போது சுழன்றது என்று லாக்ரொட்டேட் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் அந்த லாக் முதல்முறை பதிவாகும் நாளில் சுழற்சி நடக்காது; இது பிழை இல்லை.

பிறகு -வி, -எஃப் இரண்டும் கொடுத்துக் கட்டாயமாகச் சுழற்றுங்கள். விதிக் கோப்பின் பாதையை மட்டும் கொடுங்கள். லாக்ரொட்டேட்.கான்ஃப் கொடுத்தால் சர்வரில் உள்ள அத்தனை லாக்கும் சுழன்றுவிடும். விதிக் கோப்பைத் தனியாகக் கொடுக்கும்போது லாக்ரொட்டேட்.கான்ஃபில் உள்ள பொது அமைப்புகள் சேராது. சோதனையில் ஒன்று, இரவில் வேறொன்று என்று நடப்பதற்கு இதுவே காரணம். அதனால்தான் 4-ஆம் படியில் எல்லா வரியையும் விதிக்குள்ளேயே எழுதச் சொன்னோம்.

இப்போது ராட்டெஸ்ட் கொண்டு ஒரு உள்நுழைவு செய்து, புது ரேடியஸ்.லாக்கில் வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பதற வேண்டாம். முதலில் ஆத் "எஸ்" ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ராட்டெஸ்ட் அக்கவுண்டிங் பாக்கெட் அனுப்பாது. அதைச் செய்துவிட்டு டீடெயில் கோப்பு வரவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை. அதற்கு ராட்கிளையண்ட் வேண்டும்.

கடைசியாக எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் சர்வர் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். பழைய தேதிப் பெயர் தெரிந்தால் ரீலோட் நடக்கவில்லை.

அதே நாளில் இரண்டாம் முறை -எஃப் கொடுத்தால், அந்தத் தேதிப் பெயர் ஏற்கெனவே உண்டு என்று சொல்லி நின்றுவிடும். முதல் சோதனைக் கோப்பைப் பத்திரமாக வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

7. பிறகு வரும் கோளாறுகள்

புது லாக் 0 பைட், பழையது வளர்கிறது. சர்வர் கையை விடவில்லை. ஜர்னல்சிடிஎல்லில் ரீலோட் ஏன் தோற்றது என்று பாருங்கள்; பெரும்பாலும் கான்ஃபிக் பிழைதான்.

கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை. டிஎஃப் நிறைந்திருக்கிறது என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கமாண்டில் அவ்வளவு வரவில்லை. அழித்த கோப்பைச் சர்வர் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப்-க்கு +எல்1 (பெரிய எழுத்து எல்) கொடுத்தால் அது தெரியும். ஒரு ரீலோட் போதும். இனி அவசரத்தில் இடம் வேண்டுமானால் நடப்பு லாக்கை அழிக்காமல் ட்ரங்கேட் கமாண்டில் அளவை 0 ஆக்குங்கள். அதற்கு முன் அதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

பெயரில் .1.ஜிஇசட்.1.ஜிஇசட் என்று வால் நீள்கிறது. யாரோ டீடெயில்-க்குப் பின் நட்சத்திரம் போட்டு லாக்ரொட்டேட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுழன்று வந்த கோப்பும் அதே குறிக்குள் அடங்குவதால் அடுத்த நாள் அதுவும் சுழல்கிறது. விதியை எடுத்துவிட்டு 5-ஆம் படிக்குப் போங்கள்.

விதி இருந்தும் எதுவும் நடக்கவில்லை. விதிக் கோப்பின் உரிமையாளர் ரூட் இல்லை, அல்லது குழுவால் எழுதக்கூடிய பர்மிஷன் இருக்கிறது. இரண்டிலும் லாக்ரொட்டேட் அந்த விதியைப் புறக்கணிக்கும். 0644, ரூட் ரூட் என்று வையுங்கள். பிறரின் மடிக்கணினியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கோப்புகளில் இது வாடிக்கை.

ரெட்ஹாட்டில் பர்மிஷன் எல்லாம் சரி, எழுத மட்டும் முடியவில்லை. லாக்கை வேறு பார்ட்டிஷனுக்கு மாற்றியபோது எஸ்இலினக்ஸ் (பர்மிஷனுக்கு மேலே உள்ள கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) முத்திரை மாறியிருக்கும். எஸ்இலினக்ஸை அணைக்காதீர்கள். புதுப் பாதைக்கு ரேடியஸ் லாக்குக்கான முத்திரையைப் பதிவு செய்து, ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

8. முதல் மாதத்துக்கான கண்காணிப்பு

டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும். 95-இல் வரும் எச்சரிக்கை, இண்டரிம் அப்டேட் பெருகிய ஒரு இரவில் உதவாது. லாக்ரொட்டேட் சர்வீஸ் தோல்வியில் முடிந்ததா என்பதையும் அதே கண்காணிப்பில் சேருங்கள். அது மௌனமாகத் தோற்கும் வகை.

மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு பழைய நாளைத் தேர்ந்தெடுத்து, ஒரு கருவியின் மேக் முகவரியை இசட்கிரெப் கொண்டு அந்த நாளின் சுருக்கிய கோப்பில் தேடுங்கள். அந்தக் கருவி எந்த ஆக்சஸ் பாயிண்டில், எத்தனை மணிக்கு, யார் பெயரில் இணைந்தது என்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் கோப்பு உடைந்திருக்கிறதா என்று ஜிஜிப் -டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து; டிகம்ப்ரெஸுக்கான எழுத்து அல்ல) கொண்டு சோதியுங்கள். உடையவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள்: சர்வரும் ஆக்சஸ் பாயிண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதற்குக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியைச் சரிசெய்ய வேண்டும்.